பிறத்தியார் கடிதம்

கண்ணாடி இல்லாவிட்டால் அக்காவுக்கு எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டம். மற்றவர்கள் வேலை தொடங்கும்போது கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வார்கள். அக்கா கழற்றுவார். யாருடைய மேசைக்கு வந்தாலும், அங்கே கணினி திறந்திருந்தால், முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றிக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கதிரையை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவார். அந்த ஆளின் மெயில்கள் முழுவதும் பிரதியாகி முடியும்வரை அப்படியே இருப்பார். ஒரு மணித்தியாலமும் ஆகும், இரண்டும் ஆகும். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் சரக்கு ரயில் போகும். பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார். முடிந்ததும், "ஆச்சோ? இண்டைக்கு ஒரு நீட்டு ரயில் போனது, எண்ணி முடியேல்லை," என்று எழும்புவார்.

சொந்த அக்கா இல்லை, கூட வேலை செய்தவர். அவருக்குப் பெயர் இருந்தது. எழுதமாட்டேன். தேவையில்லாத தாளில் தன் பெயர் கிடப்பதை அவர் விரும்பமாட்டார். அந்த அளவுக்காவது அவரை எனக்குத் தெரியும்.

டோர்ட்மண்டுக்கு வெளியே, பம்புகள் செய்யும் கொம்பனி. நான் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். அக்கா சட்டப் பிரிவில். வாடிக்கையாளர் ஒருவர் வழக்குப் போடப்போகிறார் என்று கடிதம் வந்தால், அந்த விஷயத்தில் கை வைத்த ஒருவரும் அதன்பின் ஒரு மெயிலையோ சாட் பேச்சையோ படத்தையோ அழிக்கக் கூடாது. அதற்கு லீகல் ஹோல்ட் என்று பெயர். அந்தத் தடையை அறிவிப்பது, யாரும் மீறாமல் பார்ப்பது, எல்லாவற்றையும் பிரதி எடுத்துப் பூட்டி வக்கீல்களிடம் கொடுப்பது, வழக்கு முடிந்ததும் சட்டப்படி அத்தனையையும் அழிப்பது, இவ்வளவும் அக்காவின் வேலை. அவர் நடைபாதையில் வருவதைக் கண்டாலே ஜெர்மன்காரர்கள், "ஃப்ராவ் ஷ்டொப் வருகிறார், கையை எடுங்கள்," என்பார்கள். 'நிறுத்து' அம்மணி என்று அர்த்தம். அக்காவுக்கு அந்தப் பெயர் தெரியும். ஒருமுறை களஞ்சியக்காரர் ஒருவர் வாய் தவறி நேரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டு முழிக்க, அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

தடையை மெயிலில் அறிவித்தால் போதும். எல்லோரும் 'வாசித்தேன்' என்ற பொத்தானை அழுத்துவார்கள், கணக்குச் சரி. அக்காவுக்கு அது சரிவராது. ஒவ்வொருவரிடமும் நேரே போவார்.

"வாசித்தீர்களா?"

"வாசித்தேன்."

"என்ன எழுதியிருக்கிறது?"

அவ்வளவுதான், மாட்டிக்கொள்வார்கள். அக்கா கோபிக்கமாட்டார். பக்கத்தில் நின்று அந்த ஒரு பக்கத்தை வாசிக்க வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அவருடைய ஜெர்மனில், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் காட்ட வரும் டேர், டீ, டாஸ் மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் மாறி நிற்கும். ஆனாலும் அவர் சொன்னது விளங்கவில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

தொழிலாளர் சபைத் தலைவர் மட்டும் முதலில் அவருக்குப் பரம எதிரி. பெரிய மீசைக்காரர். தொழிலாளியின் மெயிலைக் கொம்பனி தொடுவதா என்று குதித்தார். அக்கா வாதாடவில்லை. "நீங்களும் வந்து நில்லுங்கள்," என்றார். வந்து நின்றார். இரண்டு மணித்தியாலம் அக்கா யன்னலையே பார்த்துக்கொண்டிருக்க, மீசைக்காரருக்குக் கால் கடுத்துவிட்டது. பிரதி ஓடிக்கொண்டிருந்த திரையில் இடையில் ஏதோ பிழைச் செய்தி வந்தது. அக்கா திரும்பாமலே, "என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள்," என்றாராம், அவரிடம் ஜெர்மனில். மனிதர் வாசித்துக் காட்டினார். அன்றையிலிருந்து அக்காவுக்கு எதிராக யாராவது வாய் திறந்தால் முதலில் சண்டைக்குப் போகிறவர் அவர்தான்.

இன்னொருவர், வடிவமைப்புப் பிரிவின் மூத்த பொறியியலாளர். பென்ஷனுக்கு ஒரு வருடம் இருந்தது. ஏதோ ஒரு வழக்கில் தடை வந்த அன்று மத்தியானம் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றார், முகம் வெளிறிப்போய். அந்த நேரம் நான் ஒரு கோப்பு கொடுக்கப் போயிருந்ததால் எனக்குத் தெரியும். அவருடைய கொம்பனி மெயிலில் பல வருடக் கடிதங்கள் கிடந்தன, மனைவி அல்லாத ஒரு பெண்ணுக்கு எழுதியவை என்று கொம்பனியில் ஏற்கெனவே ஒரு கதை இருந்தது. அழித்துவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். கேட்கவும் முடியாமல் நின்றார்.

அக்கா அவரை உட்கார வைத்தார். "என்னவென்று எனக்குச் சொல்லாதீர்கள். நான் ஒரு பெட்டியைப் பூட்டி வைக்கிறேன். பெட்டிக்குள் என்ன என்று எனக்குத் தெரியாது. விட்டுவிட்டால் அது நாலு லட்சம் மெயிலில் ஒன்று. ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அழித்தால் அந்த ஒன்றைத்தான் எல்லோரும் தேடுவார்கள்," என்றார். மனிதர் தலையாட்டிக்கொண்டு போனார். அவர் அழிக்கவில்லை. யாரும் தேடவும் இல்லை.

அவர் போனபிறகு நான் சிரித்தேன். "அக்கா, உங்களுக்கு ஒருக்காப் பாக்கவேணும் எண்டு ஆசை வராதோ?"

"எதுக்கு?"

"சும்மா, பம்பலுக்கு."

"வாசிக்கச் சொன்னால் வாசிப்பன், பிள்ளை. சொல்லாட்டி அது எனக்கு வெறும் கடதாசி." பிறகு, நான் கேட்காமலே சொன்னார். ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதிகள் விடுதியில் இருந்தபோது, அவருக்கு வந்த கடிதம் ஒன்று யாரோ கையில் அகப்பட்டு, பொதுச் சமையலறையில் வைத்து உரக்க வாசிக்கப்பட்டதாம். அப்போது கல்யாணம் பேசியிருந்த மனிதர் எழுதிய கடிதம். எல்லோரும் சிரித்தார்களாம். "நானும் சேர்ந்து சிரிச்சனான். வேற என்ன செய்யிறது?" என்றார். சொல்லும்போதும் சிரித்தார். நான் அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை. இருபத்து நாலு வயது. யாருடைய பழைய கதையும் காதில் ஏறாத வயது.

வுப்பர்டாலிலிருந்து தினமும் ரயிலில் வருவார். நானும் சில நாள் அதே ரயிலில் வந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் கைத்தொலைபேசியைத் திறந்தால் அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். கழுத்து சுளுக்கிவிடும் என்று நான் கேலி செய்வேன். அதே அக்காவிடம்தான் ஊர்ச் சனமெல்லாம், ஜெர்மன் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் எல்லாரும், அலுவலகக் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று அம்மா சொல்லுவா. வாடகை, விசா, வைத்தியசாலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டுக் கதை மற்ற வீட்டுக்குப் போனதில்லை. எங்கள் சனத்துக்குள் அது சின்ன விஷயமா? கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு வீட்டு விஷயம் கைமாறிவிடும்.

இவ்வளவு நல்ல மனுசியைப் பற்றி நான் என்ன எழுதினேன் என்பதைச் சொல்லவேண்டும். சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடித்தால் நான் அவரைப் பற்றி எழுதவே தகுதியில்லை.

அக்காவுக்கு ஒரு பழக்கம். கன்டீனில் முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். நான் அந்த மூலையில் என்னுடைய பிரிவுப் பெட்டைகளோடு இருப்பேன். அக்கா இந்த மூலையிலிருந்து, கையில் தட்டோடு, "பிள்ளை! சாப்பிட்டீரோ?" என்று தமிழில் ஒரு குரல் கொடுப்பார். முந்நூறு தலையும் திரும்பும். எனக்கு மேசைக்குக் கீழே போய் ஒளிக்கலாம் போலிருக்கும். நான் இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சரியாக உச்சரிக்க வைக்க எத்தனை வருடம் பாடுபட்டேன், என் ஜெர்மனில் ஒருவரும் ஒரு பிழை பிடிக்காதபடி எப்படி நாக்கைப் பழக்கினேன், அதெல்லாம் அந்த ஒரு கூப்பிடலில் தரைமட்டம். "அது உன் அம்மாவா?" என்று கேட்பார்கள். "அத்தையா?" என்பார்கள். இல்லை, இல்லை என்று சொல்லிக் களைத்துவிட்டேன்.

என் பக்கத்து மேசை யூலியா நல்ல கூட்டாளி. கொம்பனிச் சாட்டில் நாள் முழுவதும் இரண்டு பேரும் ஏதாவது எழுதிக்கொண்டிருப்போம். ஒருநாள் அக்கா கூப்பிட்டுவிட்டுப் போனபிறகு, எரிச்சலில் எழுதினேன். இருபத்தாறு வரி. அக்காவின் ஜெர்மனை அப்படியே பிழையோடு எழுதிக் காட்டினேன், யூலியா சிரித்தாள், எனக்கு இன்னும் ஏறிவிட்டது. அந்த மனுசி கன்டீனில் கத்தும்போது எனக்குக் காது கேட்காதமாதிரி நடிக்கிறேன் என்று எழுதினேன். ஒரே நிறம் என்பதற்காகத் தன்னை என் அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுதினேன். எத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் நேற்று இறங்கினவள் மாதிரி, இவர்களால்தான் எங்களையும் அப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுதினேன். கடைசி வரியை இங்கே எழுதக் கை வரவில்லை. எனக்கு வாய் நீளம் என்று அம்மா சின்னனிலிருந்தே சொல்லுவா. விரலும் நீளம்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதுத் தடை வந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பிய பம்புகளில் ஒழுக்கு. வாடிக்கையாளர் வழக்குக்குப் போகிறார். தரக்கட்டுப்பாட்டில் அத்தனை பேரும் பட்டியலில். அக்கா வந்தார், வழக்கம்போல வாசிக்க வைத்தார், கையெழுத்து வாங்கினார். "பிள்ளை, ஒண்டையும் அழிக்காதேயும். உம்மட சாட்டும் இதுக்குள்ள வரும்," என்றார்.

அந்தக் கடைசி வசனம்தான் எனக்கு அந்த இருபத்தாறு வரியை நினைவூட்டியது. சாட்டெல்லாம் அக்காவின் கைக்குப் போகப்போகிறது. அக்கா வாசிக்கமாட்டார் என்று உலகத்துக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? வெள்ளிக்கிழமை பின்னேரம், மற்றவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்படும் நேரம், அந்தச் சாட்டை முழுவதாக அழித்தேன். அழித்தால் அந்த ஒன்றைத்தான் எல்லோரும் தேடுவார்கள் என்று என் காதால் கேட்டவள் நான். பூனை கண்ணை மூடிக்கொண்டு பாலைக் குடித்த கதைதான்.

திங்கட்கிழமை காலையிலேயே அக்கா வந்துவிட்டார். தடைக்குள் இருக்கும் எதையாவது யாராவது அழித்தால் அவருடைய திரையில் சிவப்பாக ஒரு வரி விழும். யூலியா பக்கத்தில் இருந்தபடியால் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, என்ன அழிச்சனீர்?"

"ஒண்டுமில்லை அக்கா. சும்மா கதைச்சது."

"ஒண்டுமில்லாததை ஒருத்தரும் அழிக்கமாட்டினம்."

"அக்கா, வழக்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சத்தியமா. நீங்கள் அதைப் பாக்காமல் விட்டிடுங்கோ. பிளீஸ் அக்கா."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கோபம் இல்லை. பயந்திருந்தார், எனக்காக. "பாக்காமல் விடலாம். எங்கட தலைவருக்கு எழுதாமல் விட ஏலாது, பிள்ளை. நான் எழுதாட்டி நாளைக்கு அவங்கட வக்கீல் கண்டுபிடிப்பான். பிறகு உம்மை ஒருத்தராலும் காப்பாத்த ஏலாது."

எழுதினார். அன்று மத்தியானமே சட்டப் பிரிவுத் தலைவரிடமிருந்து கடிதம். எனக்கு நிரந்தர ஒப்பந்தம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இனி வேலையே இருக்குமா என்பது கேள்வி. அப்பா அந்த நேரம் முதுகு சத்திர சிகிச்சை செய்து வீட்டில் படுத்திருந்தார். வீட்டு வாடகையில் பாதி என் சம்பளம். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டா. "நுணலும் தன் வாயாற் கெடும் எண்டு சும்மாவே சொன்னவை?" என்றா. பிறகு அக்காவைத் திட்டினா. எங்கட ஆள், ஒரு தமிழ்ப் பிள்ளையைக் காட்டிக் குடுக்கலாமோ என்றா. நானும் சேர்ந்து திட்டினேன். அம்மாவை விட அதிகமாகத் திட்டினேன். நான் என்ன எழுதியிருந்தேன் என்பதை மட்டும் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

சாட்டில் ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கத்தில் இருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. யூலியாவின் பக்கத்திலிருந்து அதை அப்படியே எடுத்துவிட்டார்கள். அது வழக்கோடு சம்பந்தப்பட்டதா, வெறும் தனிப்பட்ட பேச்சா என்று யாராவது வாசித்துச் சொல்லவேண்டும். ஃபிராங்க்ஃபுர்ட்டில் உள்ள வக்கீல் அலுவலகத்தில் மணித்தியாலக் கூலிக்கு இருந்து இப்படி வாசிக்கும் சட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். அங்கே அனுப்பப்போவதாகத் தலைவர் சொன்னார். முகம் தெரியாத யாரோ வாசிக்கட்டும், அக்கா வாசிக்காவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் கவலை. வேலை போவது இரண்டாவது கவலை.

பத்து நாள் கழித்து விசாரணை. தலைவர், தொழிலாளர் சபையின் மீசைக்காரர், ஆளணிப் பிரிவு அம்மணி, ஓரக் கதிரையில் அக்கா. மீட்டெடுத்த பேச்சு முழுவதும் தனிப்பட்டது, வழக்கில் அதற்கு ஒரு வேலையும் இல்லை என்று பரிசோதித்தவர் எழுத்தில் தந்திருப்பதாகத் தலைவர் சொன்னார். எனவே வேலைநீக்கம் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் மட்டும். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மீசைக்காரர் கைக்குட்டை தந்தார். அக்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. வெட்கப்படுகிறா, படட்டும் என்று நான் நினைத்தேன்.

அதன்பிறகு கன்டீனில் அந்தக் குரல் வரவில்லை.

அக்கா வருவார், தட்டை எடுப்பார், தன்னுடைய பிரிவுக்காரரோடு போய் இருப்பார். நேருக்கு நேர் வந்தால் ஜெர்மனில் வணக்கம் சொல்லுவார். 'நீங்கள்' என்ற 'ஸீ' போட்டு, மரியாதையாக, மற்ற எல்லோரிடமும் பேசுவதுபோல. தமிழ் ஒரு சொல் இல்லை. பிள்ளை இல்லை. காட்டிக்கொடுத்த குற்ற உணர்வு, அதுதான் என் முகத்தில் முழிக்க முடியவில்லை என்று யூலியாவிடம் சொன்னேன். முதல் இரண்டு கிழமை அது எனக்குப் பெரிய நிம்மதி. முந்நூறு தலை திரும்பாது, ஒருவரும் அம்மாவா அத்தையா என்று கேட்கமாட்டார்கள்.

மூன்றாம் கிழமை, சூப் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூலையைப் பார்த்தபடி இருந்தேன். அக்கா என்னைக் கண்டார். கண்டுவிட்டு அளவாகத் தலையை அசைத்தார். கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. சூப்பைக் குடிக்காமலே வைத்துவிட்டேன். நான் போய்க் கதைத்திருக்கலாம். நாற்பது அடி தூரம். எங்கே போனேன்! பிழை செய்தவ அவதானே, அவவே வந்து கதைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்படியே ஒன்றரை வருடம். அக்கா பென்ஷனில் போனார். அட்டை ஒன்று சுற்றி வந்தது. எல்லோரும் நாலு வரி எழுதியிருந்தார்கள், பொறியியலாளர் ஓய்வு பெற்ற பிறகும் வீட்டிலிருந்து பக்கம் நிரப்பி அனுப்பியிருந்தார். நான் பெயரை மட்டும் போட்டேன். போனபிறகு ரெலிபோன் எடுத்திருக்கலாம். வுப்பர்டால் என்ன கனடாவா? ரயிலில் அரை மணித்தியாலம். எத்தனை சனிக்கிழமை அந்த ஊருக்கு மரக்கறி வாங்கப் போனேன். அவருடைய தெருவின் தலைப்பில் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன், கையில் முருங்கைக்காய்ப் பையோடு.

பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் பிரிவை ஒடுக்கியபோது மிஞ்சிய ஆட்களை அங்கும் இங்கும் போட்டார்கள். என்னை எங்கே போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? சட்டப் பிரிவில், அக்காவின் கதிரையில். ஒருவரும் அந்த வேலைக்கு வர விரும்பவில்லையாம். திருடன் கையில் சாவி கொடுத்த கதை. அக்கா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மேசை லாச்சிகளைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார், ஒரு துண்டுத் தாள் இல்லை. கையேட்டையும் இணையத்தையும் வைத்துக்கொண்டு தட்டித் தடவிப் பழகினேன். மெயிலில் அறிவித்தால் போதும் என்றுதான் நானும் தொடங்கினேன். ஆறு மாதத்தில் நேரே நடக்கத் தொடங்கிவிட்டேன்.

போன மாரியில் அம்மா ரெலிபோனில் சொன்னா, அக்கா மோசம் போயிட்டா என்று. நெஞ்சு வருத்தம், இரண்டே நாள். செத்தவீட்டு மண்டபத்தில் கடைசி வரிசையில் நின்றேன். அத்தனை சனம். கடிதம் கொண்டுபோனவர்கள் எல்லோரும் வந்திருக்கவேண்டும். வாசலில் அவருடைய மகள் என் கையைப் பிடித்து, "நீங்கள் ஆர் எண்டு..." என்று இழுத்தாள்.

"அம்மாவோட வேலை செய்தனான்."

"அப்பிடியோ? அம்மா வேலையிடத்துக் கதை வீட்டில ஒண்டும் கதைக்கமாட்டா. குறை நினைக்காதேங்கோ."

குறை நினைக்கவில்லை. என் பெயர் அந்த வீட்டில் ஒரு நாளும் அடிபடவில்லை என்பது எனக்கு ஆறுதலாயும் இருந்தது, அழுகையாயும் இருந்தது. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன்.

இந்த வசந்தத்தில் அந்த பம்பு வழக்கு ஒருவழியாகச் சமரசமாக முடிந்தது. முடிந்தால் தடையை எடுக்கவேண்டும், பூட்டி வைத்த அத்தனையையும் அழிக்கவேண்டும். இந்த நாட்டுச் சட்டத்தில் தேவையில்லாமல் ஒருவருடைய மெயிலை ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தாலும் குற்றம். இரண்டு பேர் சேர்ந்துதான் அழிக்கலாம். கணினிப் பிரிவிலிருந்து ஒரு பொடியன்மாதிரியான மனிதர், யோனாஸ் என்று பெயர், தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். காலை பத்து மணி. அழிக்குமுன் ஒவ்வொரு பெட்டியையும் இதுவரை யார் யார் திறந்தார்கள் என்ற பதிவை நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அறுபத்தொரு பெட்டி. பெரும்பாலானவற்றில் வக்கீல்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பொறியியலாளரின் பெட்டியும் இதற்குள் இருந்தது; அவருடைய கடிதங்களை ஒருவரும் தொட்டிருக்கவில்லை.

என்னுடைய பெட்டி வந்தது. அதற்குள் தனியாக ஒன்று, யூலியாவின் பக்கத்திலிருந்து எடுத்த சாட். ஃபிராங்க்ஃபுர்ட் மாணவர் ஒருவரின் பெயரைத் தேடினேன். இல்லை. அங்கே அது போகவே இல்லை. திறந்தவர் ஒரே ஒருவர். அக்காவின் பெயர். விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், காலை பத்தே காலுக்குத் திறந்திருக்கிறார். பதினொன்று மூன்றுக்கு மூடியிருக்கிறார். மூடியதும் வேறு ஒருவரும் திறக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார். வகை: தனிப்பட்டது. காரணம் எழுதும் கட்டத்தில் ஜெர்மனில் இரண்டு வசனம், வழக்கம்போல ஒரு சின்னப் பிழையோடு:

"இரண்டு இளம் பெண்களின் பேச்சு. வேறு ஒருவருக்கும் இதில் அலுவல் இல்லை."

அந்த இரண்டு வசனத்தையும் திரும்ப வாசித்தேன். வாழ்நாளில் வாசிக்கச் சொல்லாமல் ஒருவருடைய கடிதத்தையும் வாசிக்காத மனுசி, ஊர் பேர் தெரியாத மாணவர்கள் என் எழுத்தை வாசித்துச் சிரிக்கக் கூடாதென்று தானே உட்கார்ந்து வாசித்திருக்கிறார். அத்தனையையும். அவருடைய பிழை ஜெர்மனை நான் எழுதிக் காட்டியதை, காது கேட்காதமாதிரி நடிப்பதை, அந்தக் கடைசி வரியை. வாசித்துவிட்டு என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறார். பிறகு நான் அதில் விரும்பியிருந்தபடியே கன்டீனில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஐயோ அக்கா! அதைக் குற்ற உணர்வு என்று நினைத்தேனே நான்.

யோனாஸ், "எல்லாம் சரியா?" என்று கேட்டார்.

சரி என்றேன். அந்த இரண்டு வசனத்தையாவது கைத்தொலைபேசியில் படம் பிடித்துவிட விரல் துடித்தது. அக்கா தன் கையால் எனக்காக எழுதியது உலகத்தில் அது ஒன்றுதான். பிடிக்கவில்லை. சாட்டைத் திறந்து பார்க்கவும் இல்லை. நான் என் பக்கப் பொத்தானை அழுத்தினேன், யோனாஸ் தன் பக்கத்தை அழுத்தினார். பெட்டியும் போனது, பதிவும் அதோடு போனது. "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன் வாய்விட்டு. யோனாஸ் திரும்பிப் பார்த்தார். தமிழ் என்றேன். நல்லது என்று அடுத்த பெட்டிக்குப் போனார்.

அது இருபத்தாறு வரி. கண்ணாடி போட்டு, மெல்ல மெல்ல, இரண்டு தரம் வாசித்தாலும் ஐந்து நிமிடம். அக்கா அதை நாற்பத்தெட்டு நிமிடம் திறந்து வைத்திருக்கிறார். மிச்ச நேரம் முழுவதும் அந்தத் திரைக்கு முன்னால் அவர் தனியாக இருந்திருக்கிறார், இதே கதிரையில், கதவைச் சாத்திக்கொண்டு. அதே காலை நேரம் நான் இரண்டு மாடி கீழே யூலியாவோடு இருந்து, அந்த மனுசிக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.